240 வரியும் 4கே திரையும்: பழைய கேம் கன்சோல் புது டிவியில் ஏன் தடுமாறுகிறது?

பத்திரமாக எடுத்து வைத்திருந்த பழைய கன்சோலைப் புது டிவியில் மாட்டியதும் பலருக்கும் ஏமாற்றம்தான். படம் மங்கலாக, ஓரமெல்லாம் நிறம் கசிந்து வருகிறது. வட்டமாக இருக்க வேண்டியது முட்டை வடிவில் தெரிகிறது. பொத்தானை அழுத்தினால் ஆள் சற்று யோசித்துவிட்டுத்தான் குதிக்கிறான். சில டிவிகளில் அதுவும் கிடையாது. ‘சிக்னல் இல்லை’ என்ற பெட்டி மட்டும் மிதக்கிறது. 4கே திரையில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. ‘முதல் நின்டெண்டோ’ என்று இங்கே குறிப்பிடும் என்இஎஸ் கன்சோல் உருவாக்கிய படத்திலோ 256 பெருக்கல் 240, அதாவது 61 ஆயிரத்துச் சொச்சம் பிக்சல்கள்தான். இவ்வளவு சின்னப் படத்தைக் காட்ட இவ்வளவு பெரிய திரைக்கு என்ன கஷ்டம்?

“அந்தக் காலத்துத் தரம் அவ்வளவுதான், சின்னத் திரையில் நமக்குத் தெரியவில்லை” என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அது பெரும்பாலும் தவறு. கன்சோல் அன்று அனுப்பிய அதே சிக்னலைத்தான் இன்றும் அனுப்புகிறது. அதைப் புது டிவி வேறு ஏதோ என்று நினைத்துக்கொண்டு வாசிக்கிறது. சிக்கலின் பெரும்பகுதி அந்தத் தவறான வாசிப்பில்தான் இருக்கிறது. இது புரிந்துவிட்டால் எந்தப் பொருளை வாங்கலாம், எது வீண் செலவு என்பதும் தன்னால் தெளிவாகிவிடும்.

பிக்சர் டியூப் எப்படிப் படம் வரைந்தது

பிக்சர் டியூப் டிவிக்குக் கன்சோலின் பிக்சல் எது என்று தெரியாது. குழாயின் பின்புறத்திலிருந்து கிளம்பும் எலக்ட்ரான் கற்றை, முன்கண்ணாடியின் உட்பக்கத்தில் பூசியிருக்கும் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருளில் மோதும். மோதிய இடம் பளிச்சென்று ஒளிர்ந்து, ஏறக்குறைய ஒரு மில்லி செகண்டுக்குள் பெரும்பாலும் மங்கிவிடும். இப்படி இடமிருந்து வலமாக ஒரு வரி, அதற்குக் கீழே இன்னொரு வரி என்று திரை முழுக்கக் கற்றை ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது அடுத்த வரிக்குப் போவது, எப்போது மறுபடி உச்சிக்குத் திரும்புவது என்று சொல்வது சிக்னலோடு வரும் ‘சிங்க்’ என்ற சின்னத் துடிப்பு. டிவி சொந்தமாக எதையும் முடிவு செய்வதில்லை. துடிப்பு வந்தால் நகரும், அவ்வளவுதான்.

அமெரிக்காவும் ஜப்பானும் பயன்படுத்திய என்டிஎஸ்சி முறையில் ஒரு முழுப் படத்துக்கு 525 வரிகள். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருந்த பிஏஎல் முறையில் 625. ஆனால் அத்தனை வரிகளையும் ஒரே மூச்சில் அனுப்ப அன்றைய ஒளிபரப்பில் இடமில்லை. அதனால் படத்தை இரண்டாகப் பிரித்தார்கள். கோடு போட்ட நோட்டில் முதலில் ஒன்று விட்டு ஒன்றாக எழுதிவிட்டு, பிறகு மேலே வந்து விட்ட கோடுகளை நிரப்புவது போன்ற ஏற்பாடு. இந்தப் பாதிப் படத்துக்கு ஃபீல்டு என்று பெயர். முறைக்கு இன்டர்லேஸ் என்று பெயர். என்டிஎஸ்சியில் செகண்டுக்குச் சுமார் 60 ஃபீல்டு, பிஏஎல்லில் 50. இன்று 480ஐ என்று குறிப்பிடுவது இந்த என்டிஎஸ்சி முறையைத்தான். 525 வரிகளில் கண்ணுக்குத் தெரியும் படம் 480 அளவில் இருக்கும். ‘ஐ’ என்பது இன்டர்லேஸ்.

525-ஐ இரண்டால் வகுத்தால் 262.5. அந்த அரை வரி தற்செயலாக வந்ததல்ல. ஒரு ஃபீல்டு அரை வரியில் முடிவதால்தான் அடுத்த ஃபீல்டு சற்றுத் தள்ளி, சரியாக இடைவெளிகளில் போய் விழுகிறது.

கன்சோல் வடிவமைத்தவர்கள் கை வைத்தது இந்த அரை வரியில்தான். இன்டர்லேஸ் படத்தில் மெல்லிய கோடுகள் நடுங்கும். வேகமான விளையாட்டுக்கு அது ஒத்துவராது. அதனால் 262.5 என்பதற்குப் பதிலாக 262 முழு வரிகளை மட்டும் அனுப்பிவிட்டு, கற்றையை மேலே போகச் சொன்னார்கள். அரை வரி இல்லாததால் அடுத்த ஃபீல்டும் முன்பு விழுந்த அதே வரிகளின் மேலேயே விழுந்தது. செகண்டுக்கு 60 முழுப் படங்கள், ஒவ்வொன்றிலும் சுமார் 240 வரிகள். நடுவில் இருக்க வேண்டிய மற்ற வரிகள் வரையப்படாமல் இருட்டாகவே கிடந்தன. பழைய கேம் படங்களில் தெரியும் மெல்லிய கறுப்புப் பட்டைகள், இன்று ‘ஸ்கேன்லைன்’ என்று ஆசையாகப் பேசப்படுபவை, இப்படி வந்தவைதான்.

இதைத்தான் இப்போது 240பி என்கிறோம். ‘பி’ என்பது புரோகிரசிவ், அதாவது வரி விடாமல் முழுப் படமாக வரைவது. 1983-இல் வந்த ஃபேமிகாம் (முதல் நின்டெண்டோவின் ஜப்பான் பெயர்), 1988-இல் வந்த சேகாவின் மெகா டிரைவ், 1990-இல் வந்த சூப்பர் ஃபேமிகாம் (சூப்பர் நின்டெண்டோவின் ஜப்பான் பெயர்) எல்லாம் பெரும்பாலும் இதில்தான் ஓடின. 1994-இன் பிளேஸ்டேஷனும் 1996-இன் நின்டெண்டோ 64-உம் கூட பெரும்பாலான கேம்களில் இதே வழிதான். டிவி ஒளிபரப்புத் தரத்தில் 240பி என்று ஒன்று கிடையவே கிடையாது. விதிக்குப் புறம்பான சிக்னல். பிக்சர் டியூப் கேள்வி கேட்காமல் அதை வரைந்துவிட்டது.

புது டிவிக்குள் அந்த சிக்னல் படும் பாடு

எல்சிடி, ஓஎல்இடி திரைகளில் பிக்சல்களின் எண்ணிக்கை மாறாதது. உள்ளே வருவது எதுவாக இருந்தாலும் அந்த எண்ணிக்கைக்கு மாற்றியாக வேண்டும். வழியில் நடப்பவை:

1. அனலாக் சிக்னலை எண்களாக மாற்றுவது. கன்சோல் ஒரு வரிக்கு 256 அல்லது 320 பிக்சல் அனுப்பியிருக்கலாம். டிவிக்கு அது தெரியாது. பொதுவாக 720 மாதிரிகளாக அறுக்கும். பிக்சலின் விளிம்பும் அறுக்கும் இடமும் ஒன்றாக விழாததால் முதல் மங்கல் இங்கேயே தொடங்கிவிடும்.

2. எந்த வகை சிக்னல் என்று ஊகிப்பது. பல டிவிகளின் பட்டியலில் 480ஐ உண்டு, 480பி உண்டு, 240பி இல்லை. எனவே 240பி வந்தால் ‘இது 480ஐ-தான்’ என்று எடுத்துக்கொள்ளும். சில மாடல்கள் பச்சை, நீலம், சிவப்பு முனைகள் கொண்ட கம்போனன்ட் வழியே 240பி வந்தால் ஒரேயடியாக மறுத்துவிடும். ‘சிக்னல் இல்லை’ என்ற பெட்டிக்கு இது முக்கியமான காரணம்.

3. டி-இன்டர்லேஸ். இரண்டு ஃபீல்டுகளைச் சேர்த்து ஒரு முழுப் படம் செய்யும் முயற்சி.

4. 480 வரிகளை 1080 அல்லது 2160 ஆகப் பெரிதாக்குவது.

5. படத்தில் தெரியும் புள்ளி இரைச்சலை (நாய்ஸ்) நீக்குவது, கூர்மை ஏற்றுவது, அசைவை மென்மையாக்குவது போன்ற ‘அழகு’ வேலைகள்.

இவற்றில் மிக அதிகச் சேதம் விளைவிப்பது மூன்றாவது. இல்லாத இன்டர்லேஸை நீக்கப் போனால் என்ன ஆகும்? அடுத்தடுத்த இரண்டு தனித்தனிப் படங்களை டிவி ஒரே படத்தின் இரண்டு பாதிகள் என்று எண்ணிக் கோக்கும். ஓடும் ஆளின் ஓரங்களில் சீப்புப் பற்கள் போட்ட மாதிரி கீறல்கள் தெரியும். கெட்டிக்கார டிவி அசைவைக் கண்டுபிடித்து அந்த இடத்தை மட்டும் குழைத்துவிடும். கீறலுக்குப் பதில் மங்கல் வரும்.

இன்னும் மோசமான ஒன்று உண்டு. அடி வாங்கிய ஆள் சில நொடிகள் மின்னுவதைப் பழைய கேம்களில் பார்த்திருப்பீர்கள். காலடி நிழலும் பல கேம்களில் அப்படித்தான்: ஒரு ஃப்ரேமில் (ஒரு முழுப் படத்தில்) வரையப்படும், அடுத்த ஃப்ரேமில் வரையப்படாது. செகண்டுக்கு 60 படங்களில் மாறி மாறி வருவதால் பிக்சர் டியூபில் அது ஒளி ஊடுருவும் நிழலாகத் தெரிந்தது. ஒளி ஊடுருவும் தன்மையை வன்பொருளில் கணக்கிட வசதியில்லாத காலத்தில் கிடைத்த சிக்கனமான வித்தை அது. இப்போது மலிவான மாற்றி ஒன்று, இரண்டில் ஒரு ஃபீல்டைத் தூக்கிப் போட்டுவிட்டுச் செகண்டுக்கு 30 படங்கள் மட்டும் காட்டினால்? நிழல் முழுக் கறுப்பாக நிலைத்து நிற்கும், இல்லையென்றால் சுத்தமாகக் காணாமல் போகும். அடி வாங்கிய ஆள் மறைந்தே போவான். கேம் கெட்டுவிட்டது என்று கன்சோலைச் சந்தேகப்படுபவர்கள் உண்டு. பாவம், அதன் மேல் தவறே இல்லை.

மஞ்சள் கேபிளில் எவ்வளவு தொலைகிறது

கேபிள்களின் தர வரிசை கீழிருந்து மேலாக இப்படி: ஆன்டெனா வழியே போகும் ஆர்எஃப், மஞ்சள் முனை கொண்ட கம்போசிட், எஸ்-வீடியோ, அதற்கு மேல் கம்போனன்ட், ஆர்ஜிபி. கடைசி இரண்டும் தரத்தில் ஏறக்குறைய சமம்.

கம்போசிட்டில் வெளிச்சத் தகவல், நிறத் தகவல், சிங்க் மூன்றும் ஒரே கம்பியில் கலந்து போகின்றன. நிறம் மட்டும் என்டிஎஸ்சியில் சுமார் 3.58 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஏற்றப்பட்டிருக்கும். கலந்ததை மறுபடி பிரிப்பது கடினம். நுணுக்கமான கோடுகளை நிறம் என்றும், நிறத்தின் விளிம்பைப் புள்ளிகள் என்றும் டிவி தவறாக எடுத்துக்கொள்ளும். எழுத்துகளின் ஓரத்தில் எறும்பு ஊர்வது போலத் தெரிவது இதனால்தான். எஸ்-வீடியோவில் வெளிச்சமும் நிறமும் தனித்தனிக் கம்பி. பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். ஆர்ஜிபியில் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகப் போவதால் பிரிக்கும் வேலையே இல்லை.

ஆனால் ‘ஆர்ஜிபி என்றால் எப்போதும் சிறந்தது’ என்ற வாதத்தை அப்படியே ஏற்க முடியாது. மெகா டிரைவின் கம்போசிட் வெளியீடு மங்கலுக்குப் பேர் போனது. அந்த மங்கலையே ஓவியர்கள் வண்ணமாகப் பயன்படுத்தினார்கள். ‘சோனிக்’ முதல் விளையாட்டின் அருவிகளைக் கூர்மையான ஆர்ஜிபியில் பார்த்தால் செங்குத்துக் கோடுகளாக நிற்கும். கம்போசிட்டில் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, பின்னால் இருப்பது தெரியும் நீராக மாறும். எது ‘உண்மையான’ படம் என்ற சண்டைக்கு முடிவே கிடையாது. வரைந்தவர் அன்று எதைப் பார்த்துக்கொண்டு வரைந்தார் என்று கேட்டால், பெரும்பாலும் குழாய்த் திரையைத்தான்.

எல்லாக் கன்சோலிலும் எல்லாக் கேபிளும் வேலை செய்யாது என்பதையும் மனதில் வைக்க வேண்டும். முதல் நின்டெண்டோவின் படச் சில்லு நேரடியாகக் கம்போசிட்டைத்தான் உருவாக்குகிறது; உள்ளே மாற்றம் செய்யாமல் அதிலிருந்து ஆர்ஜிபி எடுக்க வழியில்லை. அமெரிக்க நின்டெண்டோ 64-இலும் எஸ்-வீடியோவோடு சரி. இன்னொரு எச்சரிக்கை: ஐரோப்பாவின் ஸ்கார்ட் இணைப்பும் ஜப்பானின் 21 முனை ஆர்ஜிபி இணைப்பும் பார்வைக்கு அச்சு அசல் ஒன்றுதான், உள்ளே கம்பிகள் போகும் வழி வேறு. மாற்றிச் செருகினால் கருவி பழுதாகலாம்.

தாமதம்: கை உணர்வது கண்ணுக்குத் தெரியாது

60 ஃப்ரேம் கேமில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லி செகண்டு. பிக்சர் டியூபில் கன்சோல் ஒரு வரியை அனுப்பிய அந்தக் கணமே அது திரையில் இருக்கும். சேமித்து வைக்க இடமே இல்லாத கருவி அது. புது டிவியில் டி-இன்டர்லேஸ் செய்ய அடுத்த ஃபீல்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். பெரிதாக்க, அழகுபடுத்த இன்னும் சில ஃப்ரேம்கள் கையில் இருக்க வேண்டும். தாமதத்தைக் குறைக்கும் ‘கேம் மோட்’ என்ற டிவி அமைப்பு இல்லாத நிலையில் மொத்தம் 100 மில்லி செகண்டைத் தாண்டுவது அபூர்வமல்ல. அதாவது ஆறு ஃப்ரேம். குழியின் விளிம்பில் தாவ வேண்டிய கேமில் ஆறு ஃப்ரேம் என்றால் உயிர் போச்சு.

கேம் மோட் போட்டால் இன்றைய நல்ல டிவிகள் 10 முதல் 20 மில்லி செகண்டுக்குள் வந்துவிடுகின்றன. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த அளவு எச்டிஎம்ஐ வழியே வரும் தூய டிஜிட்டல் படத்துக்கு உரியது. மஞ்சள் முனையில் வரும் அனலாக் படத்துக்கு டி-இன்டர்லேஸ் வேலை கேம் மோடிலும் தொடரலாம். எனவே விளம்பரத்தில் பார்த்த எண்ணை வைத்துப் பழைய கன்சோல் எப்படி ஓடும் என்று கணக்குப் போட முடியாது.

வடிவமும் வகுத்தலும்

படம் அகலமாக இழுபடுவது எளிய பிரச்சினை. பழைய கேம் 4:3 திரைக்குச் செய்தது. 16:9 திரை முழுக்க நிரப்பினால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடிவிடும். ரிமோட்டில் 4:3 தேர்ந்தெடுத்தால் சரி. பக்கத்தில் கறுப்புப் பட்டை வரும், வரட்டும்.

அதற்கு அடுத்தது கொஞ்சம் நுணுக்கமானது. சூப்பர் நின்டெண்டோவின் படம் வழக்கமாக 256 பெருக்கல் 224 பிக்சல். இதைச் சதுரப் பிக்சலாக வைத்துக் கணக்கிட்டால் 8:7 வடிவம்தான் வருகிறது, 4:3 அல்ல. குழாய்த் திரை அதை அகலப்படுத்தித்தான் காட்டியது. அதாவது அந்தக் கன்சோலின் பிக்சல் சதுரமே அல்ல. இதைத் தெரியாமல் ‘பிக்சலுக்குப் பிக்சல் துல்லியம்’ என்று சதுரமாக வைத்தால் பெரும்பாலான கேம்களில் ஆட்கள் ஒடுங்கித் தெரிவார்கள்.

உயரத்தில் வேறு கணக்கு. 240 வரியை 1080-க்குக் கொண்டுபோனால் 4.5 மடங்கு. அரை மடங்கைக் காட்ட முடியாது. ஒரு வரி 4 பிக்சல் உயரமும் அடுத்தது 5 பிக்சல் உயரமுமாக வரும், அல்லது இரண்டும் குழைந்து மங்கும். திரை உருளும்போது இந்த ஏற்றத்தாழ்வு அலை அலையாகத் தெரியும். 720 என்றால் மூன்று மடங்கு, 2160 என்றால் ஒன்பது மடங்கு. இரண்டும் மிச்சமின்றி வகுபடும். ஆக, 240 வரிக் கன்சோலுக்கு முழு எச்டியை விட 4கே திரை பொருத்தமானது. தரம் கூடியதால் பழைய படம் கெட்டுப்போனது என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஓடும்போது மட்டும் ஏன் மங்குகிறது

எல்லாம் சரி செய்த பிறகும் ஒரு குறை மிஞ்சும். படம் நிற்கும்போது கூர்மை; பின்னணி நகரத் தொடங்கியதும் மங்கல். குழாயில் ஒவ்வொரு இடமும் ஒரு கணம் மின்னி அணையும். எல்சிடியும் ஓஎல்இடியும் ஒரு ஃப்ரேமை முழு 16.7 மில்லி செகண்டும் பிடித்து வைத்திருக்கும். நம் கண்ணோ நகரும் பொருளைத் தொடர்ந்து வழுக்கிப் போகிறது. நிற்கும் படத்தின் மேல் கண் நகர்ந்தால் விழித்திரையில் அது இழுபடும். பின்னணி ஃப்ரேமுக்கு 4 பிக்சல் நகர்ந்தால், 4 பிக்சல் அகலத்துக்கு மங்கல் உறுதி. ஒன்பது மடங்கு பெரிதாக்கிய 4கே திரையில் அது 36 பிக்சல். ஓஎல்இடியின் பிக்சல் மின்னல் வேகத்தில் நிறம் மாறும் என்பது உண்மை. ஆனால் இந்த மங்கலுக்குக் காரணம் மாறும் வேகம் அல்ல, பிடித்து வைத்திருக்கும் நேரம்.

தீர்வு, ஃப்ரேம்களுக்கு நடுவே கறுப்பைச் செருகுவது. பல டிவிகளின் அசைவு அமைப்புகளில் இது வேறு வேறு பெயரில் ஒளிந்திருக்கும். பாதி நேரம் கறுப்பு என்றால் மங்கலும் பாதி, வெளிச்சமும் பாதி. சிலருக்கு மினுக்கல் கண்ணை உறுத்தும். இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது ‘அசைவை மென்மையாக்கும்’ வசதி. அது இடையில் இல்லாத ஃப்ரேம்களைக் கற்பனை செய்து செருகுகிறது, தாமதத்தையும் ஏற்றுகிறது. அதை அணைத்தே வைக்க வேண்டும்.

எந்த மாற்றத்தாலும் மீளாதது: ஒளித் துப்பாக்கி

நின்டெண்டோவின் ஸாப்பர் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, பார்க்கிறது. விசையை அழுத்தியதும் கேம் திரையை ஒரு கணம் கறுப்பாக்கி, குறி இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் போடும். துப்பாக்கியின் முனையில் உள்ள உணரி அந்தச் சரியான ஃப்ரேமில் வெளிச்சத்தைக் கண்டால் அடி பட்டது என்று கணக்கு. டிவி சில ஃப்ரேம் தாமதித்தால் கட்டம் வரும் முன்பே கேம் ‘தவறிவிட்டது’ என்று முடிவு செய்துவிடும். தாமதத்தைச் சுழியமாக்கினாலும் போதாது. சாதாரண பல்பைக் காட்டி ஏமாற்ற முடியாதபடி, குழாய்த் திரையின் வரி வேகமான சுமார் 15 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் ஒளியைத்தான் அந்தத் துப்பாக்கி கண்டுகொள்ளும். எல்சிடியின் ஒளி அப்படித் துடிப்பதில்லை. பிளேஸ்டேஷனின் கன்கான் இன்னொரு வழி: சிங்க் வந்த நேரத்துக்கும் துப்பாக்கி குறி வைத்த இடத்தைக் கற்றை கடந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து இடத்தைக் கணக்கிடும். கற்றையே இல்லாத திரையில் அதற்கு வேலை இல்லை. கேமரா வைத்த புதுவகைத் துப்பாக்கிகள் வந்திருக்கின்றன, அவை பழைய கன்சோலைப் போலவே இயங்கும் மென்பொருளான எமுலேட்டரோடு பயன்படும். அசல் துப்பாக்கிக்கு அசல் குழாய்தான்.

அப்படியானால் என்ன செய்வது

கையில் இருப்பதிலிருந்து தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் அடுத்த படிக்குப் போவதுதான் புத்திசாலித்தனம்.

1. முதலில் டிவி அமைப்புகள். கேம் மோட் போடுங்கள். கூர்மையைக் குறைத்து, பட இரைச்சல் நீக்கம், அசைவு மென்மை, தானியங்கி கான்ட்ராஸ்ட் எல்லாவற்றையும் அணையுங்கள். படத்தை 4:3 ஆக்குங்கள். பல டிவிகள் இன்னும் ஓரங்களைச் சற்று வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. திரைக்குப் பொருந்தும்படி காட்டும் தேர்வை எடுத்தால் அது நிற்கும்.

2. இணைப்பு முனை எது என்று பாருங்கள். பல டிவிகளில் கம்போனன்ட்டின் பச்சை முனையும் கம்போசிட்டின் மஞ்சள் முனையும் ஒன்றே. அமைப்பில் தவறானதைத் தேர்ந்தெடுத்தால் கறுப்பு வெள்ளையில் படம் வரும். கன்சோல் பழுதல்ல.

3. கன்சோலுக்கு எஸ்-வீடியோ, கம்போனன்ட், ஆர்ஜிபி இவற்றில் எது சாத்தியமோ அந்தக் கேபிள். டிவியில் அதற்கான முனை இல்லையென்றால் அடுத்த படியோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

4. எச்டிஎம்ஐ மாற்றி. இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் மலிவான பெட்டி, பெயரில் 1080 இருந்தாலும், செய்வது டிவி செய்த அதே தவறைத்தான்: 240பியை 480ஐ என்று எடுத்து, கோத்து, பல நேரம் 16:9 ஆக இழுத்தும் அனுப்பும். டிவியில் மஞ்சள் முனையே இல்லை என்றால் அது உதவும். தரம் கூடும் என்று வாங்கினால் ஏமாற்றம்தான். வாங்கும்போது திசையையும் பாருங்கள். அனலாக்கை எச்டிஎம்ஐ ஆக்குவதும் எச்டிஎம்ஐ-யை அனலாக் ஆக்குவதும் ஒரே தோற்றத்தில் விற்கப்படும் இரண்டு வேறு கருவிகள்.

5. கேமுக்கென்றே செய்த ஸ்கேலர், அதாவது படத்தைப் பெரிதாக்கும் தனிக் கருவி. ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் வகைகள் இந்த வரிசை. இவை 240பியை 240பி என்றே அடையாளம் காணும். டி-இன்டர்லேஸ் இல்லை, ஒவ்வொரு வரியையும் இரண்டு, மூன்று, ஐந்து என்று மடங்காகப் பெருக்கி எச்டிஎம்ஐ-யில் அனுப்பும். டிவிக்குப் போவது அதற்குப் புரியும் டிஜிட்டல் படம். தாமதமும் மிகச் சொற்பம், ஓஎஸ்எஸ்சியில் ஒரு ஃப்ரேம்கூட ஆகாது. ரெட்ரோடிங்க் 4கே போன்றவை குழாய்த் திரையின் பாஸ்பர் அமைப்பையும் ஸ்கேன்லைனையும் 4கே பிக்சல்களில் வரைந்து காட்டுகின்றன, கறுப்பு ஃப்ரேமும் செருகுகின்றன. இருட்டுப் பட்டைகளால் குறையும் வெளிச்சத்தை ஈடுகட்ட பிரகாசமான எச்டிஆர் டிவி வேண்டும்.

6. கன்சோலுக்குள்ளேயே எச்டிஎம்ஐ பொருத்துவது. படம் அனலாக் ஆவதற்கு முன்பே எண்களைப் பிடித்து அனுப்புவதால் மிகத் துல்லியம். ஆனால் சாலிடரிங் தெரிந்தவர் வேலை. அசல் பலகையில் கை வைக்க மனம் வராதவர்களுக்கு இது வேண்டாம்.

ஐந்தாம் படியில் இரண்டு உறுத்தல்கள் உண்டு. ஒன்று, பழைய கன்சோல்களின் வேகம் ஒழுங்கான 60 அல்ல. முதல் நின்டெண்டோவும் சூப்பர் நின்டெண்டோவும் சுமார் 60.1 ஹெர்ட்ஸில் ஓடுகின்றன. ஓஎஸ்எஸ்சி அதே வேகத்தை டிவிக்கும் தள்ளுகிறது. சில டிவிகள் ஏற்பதில்லை. சரியாக 60-க்கு மாற்றி அனுப்பும் கருவியோ, பத்து நொடிக்கு ஒருமுறை ஒரு ஃப்ரேமை விழுங்க வேண்டியிருக்கும். உருளும் பின்னணியில் அது சின்ன விக்கலாகத் தெரியும். இரண்டாவது, சில பிளேஸ்டேஷன் கேம்கள் பட்டியல் திரைக்கு 480ஐ, விளையாட்டுக்கு 240பி என்று மாறி மாறி அனுப்பும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் டிவி எச்டிஎம்ஐ இணைப்பைப் புதிதாக ஒப்பந்தம் செய்து முடிக்கும்வரை திரை இருண்டு கிடக்கும். குழாயில் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்த காரியம் இது.

இந்தக் கணக்கு பொருந்தாத கன்சோல்கள்

1998-இன் டிரீம்காஸ்ட்டில் பெரும்பாலான கேம்கள் விஜிஏ வழியே 480பி தரும். 2001-இன் கேம்கியூப், 2006-இன் வீ இரண்டும் சரியான கேபிள் இருந்தால் 480பி. இவற்றை டிவி எளிதாகப் புரிந்துகொள்ளும். கம்போனன்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் ஓர் ஒழுங்கான கருவியே போதும். 2000-இன் பிளேஸ்டேஷன் 2 தான் இடையில் மாட்டிக்கொண்டது. அதன் பெரும்பாலான கேம்கள் நிஜமான 480ஐ. அதற்கு டி-இன்டர்லேஸ் உண்மையிலேயே தேவை. அதை எவ்வளவு நன்றாக, எவ்வளவு வேகமாகச் செய்கிறது என்பதுதான் ஸ்கேலரை மதிப்பிடும் அளவுகோல். 2006-இன் பிளேஸ்டேஷன் 3 முதல் எச்டிஎம்ஐ இருப்பதால் இந்தக் கட்டுரையே அவற்றுக்குத் தேவையில்லை.

பிஏஎல் பகுதிக் கன்சோல் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்கலாம். 60-க்கு எழுதிய பல கேம்கள் 50 ஹெர்ட்ஸுக்குச் சரியாக மாற்றப்படாமல் ஆறில் ஒரு பங்கு மெதுவாக, மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு வெளிவந்தன. எந்த ஸ்கேலரும் அதைச் சரி செய்யாது, ஏனென்றால் கேமே அந்த வேகத்தில்தான் ஓடுகிறது.

அசல் கன்சோல் தேவையா?

விளையாடுவது மட்டும் நோக்கம் என்றால் தேவையில்லை. மென்பொருள் எமுலேட்டரோ, அசல் சில்லுகளின் செயல்பாட்டை எஃப்பிஜிஏ என்ற மாற்றியமைக்கத்தக்க சில்லில் மீட்டுருவாக்கும் மிஸ்டர் போன்ற திட்டமோ, படத்தை முதலிலிருந்தே டிஜிட்டலாகத் தருகின்றன. மேலே சொன்ன மாற்றல் சிக்கல்களில் பெரும்பாலானவை அங்கே எழுவதே இல்லை. மிஞ்சுவது டிவியின் சொந்தத் தாமதமும் அசைவு மங்கலும். நல்ல ஸ்கேலருக்குச் செலவழிப்பதற்கு முன் இதை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. அசல் கார்ட்ரிட்ஜைச் செருகி விளையாடுவதில்தான் ஒருவருக்கு மகிழ்ச்சி என்றால் அது வேறு விஷயம், அங்கே கணக்குப் பேசிப் பயனில்லை.

குழாய் டிவியே வாங்கிவிடலாம் என்று தோன்றினால், வேலை செய்யும் ஒன்று கிடைக்கும்வரை அது உண்மையிலேயே எளிய தீர்வு. தாமதம், மங்கல், துப்பாக்கி, விழுங்கப்படும் ஃப்ரேம் என்று இங்கே பட்டியலிட்ட எதுவும் அதில் இல்லை. ஆனால் இப்போது யாரும் புதிதாகச் செய்து விற்பதில்லை. கிடைப்பதெல்லாம் வயதானவை, கனமானவை. வாங்கும் முன் அரை மணி நேரமாவது ஓட விட்டு, நேர்கோடுகள் வளைகின்றனவா, மூலைகளில் நிறம் பிசகுகிறதா என்று பாருங்கள். மூடியைத் திறந்து நீங்களே சரி செய்ய மட்டும் முயலாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கலாம். அந்த வேலை அதற்கென்று பழகிய மெக்கானிக்குடையது.